நிலா மண்ணின் வாசனை

2025 ஆகஸ்டில் ஒரு நாள் காலைக் காபியோடு பேப்பரைப் பிரித்தபோது உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. அமெரிக்க விண்வெளி வீரர் ஜிம் லவெல் ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலமானார், வயது 97. படித்துவிட்டு என்னை அறியாமல் "லவெல் போயிட்டார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அடுக்களையிலிருந்து என் மனைவி, "யாரு, உங்க கூட வேலை பார்த்தவரா?" என்றாள்.

என் வயதில் வருகிற சாவுச் செய்திகள் பெரும்பாலும் கூட வேலை பார்த்தவர்களுடையவைதான். அவள் கேட்டதில் தப்பில்லை. விளக்கிச் சொன்னேன். நிலாவுக்கு இரண்டு தடவை போனவர், இரண்டு தடவையும் இறங்காமலே திரும்பியவர் என்றேன். "அவ்வளவு தூரம் போயிட்டு வாசல்லயே திரும்பிட்டாரா, பாவம்" என்றாள். லவெலைப் பற்றி நான் படித்த இரங்கல் கட்டுரைகள் எதிலும் இதைவிடச் சரியான வாக்கியம் இல்லை.

1968 டிசம்பரில் அப்பல்லோ 8-ல் பிராங்க் போர்மன், லவெல், பில் ஆண்டர்ஸ் மூவரும் போனார்கள். பூமியை விட்டுக் கிளம்பி நிலாவைச் சுற்றி வந்த முதல் மனிதர்கள். ஜன்னல் வழியே கட்டைவிரலை நீட்டிப் பூமி முழுவதையும் மறைக்க முடிந்தது என்று லவெல் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13. அந்தத் தடவை அவர் இறங்கியே இருக்க வேண்டும். வழியில் ஆக்சிஜன் டாங்க் வெடித்து, நிலாவைச் சுற்றிக்கொண்டு உயிரோடு வீடு திரும்பியதே பெரிய காரியமாகிவிட்டது. மொத்தம் மூன்று பேர்தான் நிலாவுக்கு இரண்டு முறை போனவர்கள். மற்ற இருவரான ஜான் யங்கும் யூஜின் செர்னனும் இரண்டாவது தடவை இறங்கி நடந்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை.

போர்மன் 2023 நவம்பரில் போனார். பூமி நிலாவின் விளிம்பில் எழுந்து வருகிற அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்த ஆண்டர்ஸ், 2024 ஜூனில், தொண்ணூறு வயதில், தனியாக ஒரு சின்ன விமானத்தை ஓட்டிப்போய் வாஷிங்டன் மாநிலத்துத் தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்து இறந்தார். இப்போது லவெல். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அப்பல்லோ 8 மொத்தமாகக் காலி.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் பேப்பர்காரர்கள் தவறாமல் ஒரு கணக்குப் போடுகிறார்கள். நிலாவில் நடந்தவர்கள் 12, மிச்சம் 4. அப்பல்லோவில் நிலா வரை போனவர்கள் 24, மிச்சம் 5. கிரிக்கெட்டில் விக்கெட் எண்ணுவது மாதிரி. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் என் பங்குக்கு ஒரு பழைய கதை.

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் பக்கம் டெலிவிஷன் என்ற பேரையே அப்போது யாரும் கேட்டதில்லை. பஞ்சாயத்து ரேடியோதான். நம் நேரப்படி அதிகாலை 1.47-க்கு வண்டி இறங்கியது, காலை 8.26-க்கு ஆர்ம்ஸ்ட்ராங் தரையில் கால் வைத்தார். இந்த நிமிஷக் கணக்கெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் கூட்டம் நின்றது, அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார் என்பதுதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசலில் கயிற்றுக்கட்டிலில் படுத்தோம். மேற்கே கிட்டத்தட்ட அரை நிலா. பாட்டி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையேடா" என்றாள்.

பல வருஷம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவர்கள் நிலாவை விட்டுக் கிளம்பியது நம் நேரப்படி அன்றிரவு 11.24-க்கு. ஆக, நானும் பாட்டியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள். பாட்டி சரியான நேரத்தில், சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறாள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பன்னிரண்டு பேரில் முதலில் போனவர் ஜிம் இர்வின், 1991-ல், மாரடைப்பு, வயது 61. பிறகு 1998-ல் ஆலன் ஷெப்பர்ட். 1999-ல் பீட் கான்ராட், அதுவும் மோட்டார் சைக்கிள் விபத்தில். நிலாவுக்குப் போய்த் திரும்பியவருக்குக் கலிபோர்னியாச் சாலையில் ஒரு வளைவு எமனாக வந்தது. 2012-ல் ஆர்ம்ஸ்ட்ராங். 2016-லிருந்து 2018-க்குள் மிட்செல், செர்னன், யங், ஆலன் பீன் என நான்கு பேர் வரிசையாக. 2025 ஆகஸ்டில் இருந்தவர்கள் ஆல்ட்ரின், வயது 95. டேவிட் ஸ்காட், 93. ஹாரிசன் ஸ்மிட், 90. சார்லஸ் டியூக், 89. இறங்காமல் திரும்பியவர்களில் லவெலோடு போன பிரெட் ஹைஸ் ஒருவர்தான் பாக்கி, அவருக்கும் அப்போது 91. ரஷ்யப் பக்கம் பார்த்தால், வோஸ்டோக் கலங்களில் பறந்த ஆறு பேரில் இருப்பது வாலெண்டினா தெரெஷ்கோவா மட்டும். அமெரிக்காவின் முதல் ஏழு வீரர்களில் கடைசியாக இருந்த ஜான் கிளென் 2016-லேயே போய்விட்டார்.

2026-ல் மறுபடி நிலாவைச் சுற்றி ஆட்களை அனுப்பப்போவதாக நாசா அப்போது சொன்னது. இறங்குவது அதற்கும் பிறகுதான். அதற்குள் இந்த நான்கு, மூன்றோ இரண்டோ ஆகலாம். நிலாவில் நடந்தவர் ஒருவர்கூட உயிரோடு இல்லாத நாள் ஒன்று வரலாம் என்று எழுதுகிறார்கள். வரலாம்தான். வந்தால் என்ன போகும்? அதுதான் என் கேள்வி.

"சாட்சி போய்விடும்" என்கிறார்கள் சிலர். இதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். போன விடுமுறையில் என் பேரன் வந்திருந்தான், எட்டாவது படிக்கிறான். "தாத்தா, அதெல்லாம் செட்டு போட்டு எடுத்ததாம், யூடியூப்ல சொல்றாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். அங்கிருந்து கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ, உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கிறது என்றேன். அவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பெட்டிகள்மீது இன்றைக்கும் பூமியிலிருந்து லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள் என்றேன். நிலாவைச் சுற்றுகிற ஒரு கலம் மேலிருந்து எடுத்த படத்தில் அவர்கள் நடந்த தடம்கூடத் தெரிகிறது, எடுத்துக் காட்டினேன். பையன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "சரி, போயிருக்காங்க" என்று தீர்ப்புச் சொன்னான். ஆல்ட்ரின் வந்து சாட்சி சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. போனார்களா இல்லையா என்பதற்கு நான்கு கிழவர்களின் உயிரை நம்பி நாம் இல்லை.

பிறகு பேரன் ஒன்று கேட்டான். "அங்க எப்படி வாசனை அடிக்கும் தாத்தா?"

காற்றே இல்லாத இடத்தில் ஏதடா வாசனை என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் உண்மையில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வெளியே நடந்துவிட்டு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக் காற்றை நிரப்பி, தலைக்கவசத்தைக் கழற்றியதும், உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்த புழுதியிலிருந்து ஒரு வாசனை வந்திருக்கிறது. வெடித்து முடிந்த துப்பாக்கி மருந்து மாதிரி என்று பலரும் சொன்னார்கள். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், தீபாவளிக் காலையில் தெருவில் இறங்கினால் வருமே, அது. நிலாவுக்குப் போன ஒரே விஞ்ஞானியான ஸ்மிட்டுக்கு அந்தப் புழுதியால் மூக்கடைத்துக்கொண்டது, நம் ஊர்ப் பருத்தி மில்காரர்களுக்கு வருகிற மாதிரி.

விசேஷம் இனிமேல்தான். அதே மண்ணைப் பெட்டியில் போட்டுப் பூமிக்குக் கொண்டுவந்து திறந்தால் வாசனையே இல்லை. காற்றும் ஈரமும் பட்டு அது போய்விட்டது என்கிறார்கள். ஆக 382 கிலோ மண் கையில் இருக்கிறது, அதன் வாசனை மட்டும் எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் இல்லை. அது இருப்பது அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் மூக்கில்தான். இந்த மாதிரி விஷயம்தான் ஆளோடு போகும்.

இதைப் பேரனுக்குச் சொன்ன பிறகுதான் எனக்கே ஒன்று தெளிவானது. அவன் கேட்டது மாதிரியான கேள்வியை அந்தப் பன்னிரண்டு பேரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஐம்பது வருஷமாக மேடைக்கு மேடை, பேட்டிக்குப் பேட்டி அவர்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி. "அங்கே நின்றபோது எப்படி இருந்தது?" மகள் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் நிற்கிற அப்பாவிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "நல்லா இருந்தது, சந்தோஷமா இருந்தது" என்பார். அதற்கு மேல் என்ன சொல்வார்? சமையல்காரருக்கு முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள், மழை வந்தபோது பந்தலை யார் பிடித்தார்கள் என்று கேளுங்கள், ராத்திரி பூராப் பேசுவார். ஆர்ம்ஸ்ட்ராங்கை ஒதுங்கிப்போகிறவர், பேசாமடந்தை என்று எழுதினார்கள். அவர் எட்டு வருஷம் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பையன்களுக்கு விமானப் பொறியியல் பாடம் எடுத்தவர். பேசத் தெரியாதவர் இல்லை. கேட்ட கேள்வியில்தான் கோளாறு.

சரியாகக் கேட்டவர் ஒருவர் இருந்தார். எரிக் ஜோன்ஸ் என்று பெயர், லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1980-களின் கடைசியில் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தார். ஆறு பயணங்களிலும் நிலாத் தரையில் இருந்தபோது பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒலிப்பதிவு உண்டல்லவா? அதை வரி வரியாக எழுதி எடுத்துக்கொண்டு, போனவர்களையே தேடிப்போய் உட்காரவைத்து, ஒலிநாடாவையும் படத்தையும் ஓடவிட்டு, இந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இதை ஏன் சொன்னீர்கள், அந்தக் கம்பி ஏன் தரையில் ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டே போனார். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அவருக்கு ஒத்துழைத்திருக்கிறார்கள். எல்லாம் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் ரிடையர் ஆன முதல் வருஷம் முழுக்க, மத்தியானத் தூக்கத்தைத் தியாகம் செய்து இதைத்தான் படித்தேன். பெரிய தத்துவம் எதுவும் அதில் கிடையாது. கையுறை விறைத்துக்கொண்டு விரல் வலித்தது, பை மூடி ஒழுங்காக மூடவில்லை, எந்தப் பள்ளத்தின் பக்கத்தில் நிற்கிறோம் என்றே குழப்பம், இப்படித்தான் போகும். அதைப் படிக்கும்போது, பஞ்சாயத்து ரேடியோவில் கேட்காத நிலா எனக்குக் கிடைத்தது.

ஆக, பன்னிரண்டு பேர் விஷயத்தில் உலகம் அப்படியொன்றும் மோசம் செய்துவிடவில்லை. புத்தகம் எழுதியிருக்கிறார்கள். நாசாவின் ஹூஸ்டன் மையமே 1996-ல் ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஆரம்பித்துப் பலரிடம் பேசி வைத்திருக்கிறது. ஆலன் பீன் இன்னும் ஒரு படி மேலே போனார். வேலையை விட்டுவிட்டுப் படம் வரைய உட்கார்ந்து, நிலா பூட்ஸின் அச்சையும் அங்கே பயன்படுத்திய சுத்தியலையும் வைத்துப் பரப்பில் தடம் பதித்து, தன் உடுப்பின் சின்னத் துணியில் ஒட்டியிருந்த நிலாப் புழுதியையும் வண்ணத்தோடு கலந்து வரைந்தார். ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்தாகிவிட்டது, அது போதவில்லை என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். அப்பல்லோவுக்காக வேலை செய்தவர்கள் சுமார் நான்கு லட்சம் பேர். இவர்களும் அதே தலைமுறைதான், இவர்களும்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். இவர்களில் யாரையும் பேப்பரில் எண்ணுவதில்லை. கட்டுப்பாட்டு அறையை உருவாக்கிய கிறிஸ் கிராஃப்ட், நிலாவில் இறங்கிய ஐம்பதாவது ஆண்டு விழா முடிந்த இரண்டாம் நாள், 2019 ஜூலை 22 அன்று, 95 வயதில் இறந்தார். அவ்வளவு பெரியவருக்கே சின்னச் செய்திதான். மற்றவர்களை விடுங்கள்.

டெலாவேர் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில், பெண்களின் உள்ளாடை தைக்கிற கம்பெனியின் சகோதரப் பிரிவில், தையல்காரப் பெண்கள்தான் நிலா உடுப்பைத் தைத்தார்கள். அடுக்கடுக்கான துணி, தையலில் நூலிழை பிசகக்கூடாது. பிசகினால் உள்ளே இருக்கிற ஆள் காலி. வண்டியை ஓட்டிய கம்ப்யூட்டரின் நினைவகத்தை வால்தம் என்ற ஊரில் ரேதியான் ஆலையில் பெண்கள் ஊசியில் கம்பியைக் கோத்து நெய்தார்கள். உவமை இல்லை, நிஜமாகவே நெய்தார்கள். சின்னக் காந்த வளையத்துக்குள்ளே கம்பி போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். ஒரு கம்பி இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். பூத்தொடுக்கிற அம்மாக்களைக் கோயில் வாசலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வால்தம் பெண்கள் ஞாபகம்தான் வரும்.

ஜான் ஆரன் கதை சிலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1969 நவம்பர் 14, அப்பல்லோ 12 மழையில் கிளம்பியது. 36-வது விநாடியில் ராக்கெட்மேல் மின்னல் இறங்கியது, 52-வது விநாடியில் மறுபடி ஒரு தடவை. உள்ளே அத்தனை எச்சரிக்கை விளக்கும் எரிகிறது, ஹூஸ்டனில் திரையில் வருகிற எண்கள் எல்லாம் அபத்தம். பயணத்தை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான் என்ற நிலை. ஆரன் அப்போது 26 வயதுப் பையன். இந்த அபத்தத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்று அவருக்குப் பொறிதட்டியது. சுமார் ஒரு வருஷம் முன்பு ஏதோ ஒரு சோதனையின்போது இதே மாதிரி எண்கள் குழம்பியதைப் பார்த்து, யாரும் கேட்காமலே, சும்மா இருக்கமாட்டாமல், ஏன் என்று தோண்டித் துருவிவைத்திருந்தார். ஒரு ஸ்விட்சின் பேரைச் சொன்னார். அறையின் தலைவருக்கு அந்த ஸ்விட்ச் தெரியாது. மேலே கமாண்டர் கான்ராடுக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது, தட்டினார், எண்கள் திரும்பின. நிலாவுக்குப் போனார்கள், நடந்தார்கள், வந்தார்கள். அந்த ஸ்விட்ச் வரைபடத்தில் இருந்தது. எப்போது தட்ட வேண்டும் என்பது ஒரு பையனின் தலையில் இருந்தது.

இன்னொன்று. நிலா ராக்கெட்டின் வரைபடங்கள் தொலைந்துபோயின, அதனால்தான் மறுபடி கட்டமுடியவில்லை என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. அது தப்பு. வரைபடங்கள் மைக்ரோபிலிமில் பத்திரமாக இருக்கின்றன. 2012-13 வாக்கில் ஹண்ட்ஸ்வில் நகரத்து நாசா மையத்தில் இளம் பொறியாளர்கள் சிலர், அப்பல்லோ காலத்தில் பிறந்திருக்கவே இல்லாதவர்கள், பழைய எஃப்-1 என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 690 டன் உந்தித் தள்ளும், அப்படி ஐந்து என்ஜின் ஒரு ராக்கெட்டுக்கு. பிரித்துப் பார்த்தால், காகிதத்தில் இல்லாத எத்தனையோ வேலை உள்ளே இருக்கிறது. கையால் வைத்த வெல்டிங், அந்தந்த என்ஜினுக்கு அந்தந்த ஆள் செய்த சின்னச் சின்ன மாற்றம். வெல்டர் எந்த வேகத்தில், எந்த வரிசையில் வைத்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. கடைசியில் பாகம் பாகமாக ஸ்கேன் செய்து, பழைய என்ஜினின் ஒரு பகுதியை 2013 ஜனவரியில் மறுபடி எரியவைத்துக் கற்றுக்கொண்டார்கள். பாட்டி வைத்த குழம்பை, பாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது மாதிரி.

ஆவணம் வைத்தாலே போதும் என்றும் சொல்லமுடியாது. அப்பல்லோ 11-ன் முதல் நடையின் மூலப் படம் பதிந்த நாடாக்கள், டெலிவிஷனில் வந்ததைவிடத் தெளிவானவை, இன்று இல்லை. நாடாத் தட்டுப்பாட்டில் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்திவிட்டார்கள் என்றுதான் தெரிகிறது என்று 2009-ல் நாசாவே சொன்னது. வேண்டுமென்று யாரும் செய்திருக்கமாட்டார்கள். ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் லிஸ்டைப் பார்த்து ஏதோ பழசு என்று நினைத்திருப்பார். நாற்பது வருஷம் பாக்டரியில் இருந்தவன் நான், அந்த ஸ்டோர்ஸ்காரரை எனக்கு நன்றாகவே தெரியும்.

ஏன் இதில் எனக்கு இத்தனை உஷ்ணம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்லவேண்டும்.

நான் வேலை பார்த்தது ஒரு சர்க்கரை ஆலையில், மின்பிரிவில். ஆலையில் பேன் மேன் என்று ஒருவர் உண்டு. கரும்புப் பாகைப் பெரிய பாத்திரத்தில் காற்றை உறிஞ்சிக் கொதிக்கவைத்து மணி பிடிக்கச் செய்பவர். எங்கள் பேன் மேனைப் பெரியவர் என்றுதான் கூப்பிடுவோம். ஏழாவதோ எட்டாவதோ படித்தவர். ஒரு குச்சியை விட்டுப் பாகை எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பார்ப்பார். "இன்னும் ஆவலை" என்பார், அல்லது "விடு" என்பார். அவ்வளவுதான். அவர் விட்ட சர்க்கரையில் மணி ஒன்றுபோல இருக்கும். கெமிஸ்ட்டுகள் மீட்டரைப் பார்த்துவிட்டு, கடைசியில் பெரியவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள்.

அவர் ரிடையர் ஆனபோது சால்வை போர்த்தினோம், கடிகாரம் கொடுத்தோம். யாரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் பேனல் வந்துவிட்டது, அந்த பேனலுக்கு வயரிங் செய்தவன் நான்தான். அடுத்த பருவம் முழுக்கத் தூள் மணியாக விழுந்து, பாகைக் கரைத்துக் கரைத்து மறுபடி காய்ச்சினார்கள். மெல்லச் சரியாயிற்று. ஆனால் எனக்குள் ஒன்று இருந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு விரலுக்கு நடுவே அவர் என்ன பார்த்தார்? ஒரு நாள் போய்க் கேட்டு எழுதவேண்டும் என்று நினைத்தேன். பொங்கல் கழியட்டும், மகள் பிரசவம் ஆகட்டும், வெயில் குறையட்டும். பதினாலு வருஷம் இப்படியே போயிற்று. அவர் ஊர் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிஷம்தான். போன மாசி மாதம் காரியத்துக்குத்தான் போனேன்.

லாஸ் அலமாஸ்காரர் பன்னிரண்டு பேரைத் தேடி அமெரிக்கா முழுக்க அலைந்ததை ஒரு வருஷம் உட்கார்ந்து ரசித்துப் படித்தவன்தான் நான். அதனால்தான் பேப்பரில் "மிச்சம் நான்கு பேர்" என்று பார்க்கும்போது சுருக்கென்கிறது. அந்த நான்கு பேரைக் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். டோவரில் தைத்த பெண்களில் எத்தனை பேர் மிச்சம் என்று எந்தப் பேப்பரிலாவது எண்ணியிருக்கிறார்களா?

டியூக் 1972-ல் தன் குடும்பப் போட்டோ ஒன்றை நிலாத் தரையில் வைத்துவிட்டு வந்தார். அந்த வெயிலுக்கு அது இந்நேரம் வெளுத்திருக்கும் என்கிறார்கள். நிலாவில் நடந்தவர்களிலேயே வயதில் சின்னவர் அவர்தான், அப்போது 36. 2025 அக்டோபரில் தொண்ணூறு. நன்றாக இருக்கட்டும்.

லவெல் செய்தி வந்த அன்று சாயங்காலம், பெரியவருக்குக் கையாளாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தவருடைய நம்பரை யார் யாரிடமோ விசாரித்து வாங்கினேன். எழுபத்தைந்து வயதாகிறது, மகன் வீட்டில் இருக்கிறார். போனில் என் குரலை அடையாளம் கண்டுகொள்ளவே இரண்டு நிமிஷம் ஆனது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார்" என்றார். "பாகு வேணும்னா வெல்லத்துலயே காய்ச்சிக் காட்றேன். வாயால சொல்ல வராது. சத்தமாப் பேசணும் சார், காது சரியாக் கேக்கலை."